கொடைக்கானலில் ஓட வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரிக்கரையில் காலை ஓட்டத்தை முடித்துவிட்டு டீக்கடையில் நிற்கும்போது எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் பாதிப் பேர் மதுரை, திருச்சி, சென்னையிலிருந்து லீவுக்கு வந்தவர்கள். மீதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன். நாங்கள் ஏழெட்டுப் பேர்தான். பயிற்சியாளர் கிடையாது, சந்தா கிடையாது, ஒரே நிறத்தில் பனியனும் கிடையாது. ஐந்து வருடமாக ஓடுகிறோம், தப்புகள் நிறையச் செய்திருக்கிறோம். பதில்களில் பாதி அந்தத் தப்புகளிலிருந்து வந்தவைதான்.

ஊரில் 10 கி.மீ. சாதாரணமாக ஓடுவேன். இங்கே ஏரியை ஒரு சுற்று வருவதற்குள் மூச்சு வாங்குகிறதே, எனக்கு ஏதாவது பிரச்சினையா?

உங்களுக்கு ஒன்றுமில்லை. காற்றுதான் காரணம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு சென்னையிலும் இங்கேயும் ஒன்றுதான், 21 சதவீதம். ஆனால் காற்றழுத்தம் இங்கே ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. நடக்கும்போது இது தெரியாது. ஓட ஆரம்பித்த நாலாவது நிமிடம் நெஞ்சு சொல்லிவிடும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1968 ஒலிம்பிக்ஸ். அது நடந்த மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட நம் ஊர் உயரம்தான். 10,000 மீட்டர் ஓட்டத்தில் அப்போது உலக சாதனை வைத்திருந்தவர் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க். அவருடைய நேரம் 27 நிமிடம் 39 விநாடி. மெக்சிகோவில் தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி டெமுவுக்கே 29 நிமிடம் 27 விநாடி பிடித்தது. கிளார்க் ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். உலக சாதனைக்காரருக்கே அந்த நிலை என்றால், வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி சனிக்கிழமை காலை ஏரிக்கு வந்து நிற்கிற நாம் எம்மாத்திரம்? (அதே ஒலிம்பிக்ஸில் பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார். அந்த மாதிரி சில விநாடியில் முடிகிற போட்டிகளுக்கு மெல்லிய காற்று உதவி. நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.)

சரி, என்ன செய்வது? முதல் இரண்டு நாள் வாட்சைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது சரியான வேகம். "ம்", "ஆமா" என்றுதான் பதில் வருகிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள். தனியாக ஓடுகிறவர்கள் பாட்டு முணுமுணுத்துப் பார்க்கலாம். குதிரைக்காரர்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

எத்தனை நாளில் பழகும்?

இரண்டு மூன்று நாளில் தூக்கமும் தலைபாரமும் சரியாகும். ஓட்டம் ஓரளவு சுமுகமாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் உண்மையிலேயே கூட வேண்டுமென்றால் மூன்று நாலு வாரமாவது இங்கே இருக்க வேண்டும். வார இறுதிக்கு வந்து "ஆல்டிட்யூட் டிரெய்னிங் செய்தேன்" என்று ஊரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. உடம்புக்கு மட்டும் அது தெரியாது.

எந்தப் பாதை நல்லது?

முதலில் ஏரி. 1863-ல் வியர் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார கலெக்டர் ஓடையைத் தடுத்து உண்டாக்கிய ஏரி இது. சுற்றுச்சாலை சுமார் 5 கி.மீ. எங்கள் குழுவில் ஐந்து பேர் கையில் ஐந்து வாட்ச், ஐந்தும் ஐந்து தூரம் காட்டும். பெரும்பாலும் சமதளம். மலையில் இப்படி ஒரு சமதளம் கிடைப்பது பெரிய விஷயம், அதனால்தான் எல்லாரும் இங்கேயே சுற்றுகிறோம். ஏழரை மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு சைக்கிள், குதிரை, ஐஸ்கிரீம் வண்டி, செல்ஃபி எடுக்க நடு ரோட்டில் நிற்கும் குடும்பங்கள் என்று கூட்டம் சேர்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஆறரைக்குள்.

ஏற்றம் வேண்டுமென்றால் ஏரியிலிருந்து அப்சர்வேட்டரி போகும் சாலை. 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வு மையம் அங்கே 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழிருந்து 200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதுதான் எங்களுக்குப் பரீட்சை. ஓடி ஏறியவர்களைவிட, ஏறும் இடத்தில் வேகமாக நடந்து, சாயும் இடத்தில் ஓடியவர்கள் பல தடவை முன்னால் போய் நின்றிருக்கிறார்கள்.

கோல்ஃப் மைதானம் வழியாகப் பில்லர் ராக்ஸ் போகும் சாலை அழகு. ஆனால் காட்டுமாடு நடமாட்டம் அதிகம், வெளிச்சம் வந்த பிறகு போங்கள். வட்டக்கானல் சாலை செங்குத்து. போகும்போது இறக்கம் என்பதால் சந்தோஷமாக ஓடிவிடுவோம், திரும்பி வரும்போது யார் யாரையோ திட்டுவோம். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் நீண்ட ஓட்டத்துக்கு அருமையான இடம், ஆனால் ஜீப்பில் யாராவது கூட வர வேண்டும். பேரிஜம் வனத்துறை அனுமதி வாங்கிப் போகிற இடம், ஓட்டப் பயிற்சிக்கு என்று கணக்கில் எடுக்காதீர்கள். கோக்கர்ஸ் வாக்கில் ஓடாதீர்கள். அது நடக்கிறவர்களுக்கான பாதை, ஒரு கி.மீ.தான், ஒருவரை இடித்தால் இரண்டு பேருக்கும் அசிங்கம்.

காட்டுமாடு எதிரே வந்தால்?

நின்றுவிடுங்கள். இதுதான் முதல் விதி. ஓடுகிறவனுக்கு நிற்பதுதான் கஷ்டம். வாட்சில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும், "ஓரமாகப் போய்விடலாம்" என்று தோன்றும். போகாதீர்கள். பெரிய காளை ஒரு டன் எடை வரை இருக்கும். அது நம்மைத் துரத்த வேண்டும் என்று நினைக்க வேண்டாம், திரும்பினாலே போதும். நின்று, மெதுவாகப் பின்னால் வந்து, அது ரோட்டைத் தாண்டும் வரை காத்திருங்கள். கூட்டமாக மேய்கிறவற்றைவிட ஒற்றையாக நிற்கும் காளையிடமும், கன்றோடு நிற்கும் பசுவிடமும்தான் அதிகக் கவனம் வேண்டும். காதில் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். புதர் முறியும் சத்தம்தான் இங்கே நமக்கு ஹாரன்.

உண்மையைச் சொன்னால் எங்கள் குழுவில் காட்டுமாட்டால் ஒரு கீறலும் யாருக்கும் விழுந்ததில்லை. தெரு நாய் இரண்டு பேரைக் கடித்திருக்கிறது. நாய்க்கும் அதே விதிதான்: நில், நட, தாண்டியதும் ஓடு. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போக வேண்டும்.

என்ன ஷூ வாங்கலாம்?

இந்தக் கேள்விக்கு பிராண்ட் பெயரை எதிர்பார்க்கிறார்கள். எங்கள் ஏழெட்டுப் பேரில் ஆசிக்ஸ் போடுகிறவர் இருக்கிறார், டெகாத்லானில் மூவாயிரத்துக்குள் வாங்கியவர் இருக்கிறார், மகனுடைய பழைய ஷூவைப் போட்டு ஓடுகிறவரும் இருக்கிறார். மூன்றாமவர்தான் எங்களில் வேகமானவர். அதனால் பெயரை விட்டுவிட்டு நாலு விஷயம் பாருங்கள்.

முதலாவது அளவு. மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சமவெளியில் அரை அளவு குறைந்தாலும் சமாளித்துவிடலாம். இங்கே முடியாது, இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் விரல் முன்னால் போய் இடிக்கும். நான் முதன்முதலில் ஆன்லைனில் வாங்கிய ஷூ சரியான அளவு என்றுதான் நினைத்தேன். வட்டக்கானல் போய் வந்த இரண்டாவது வாரம் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து, பிறகு கழன்று விழுந்தன. புது நகம் முழுசாக வர ஒரு வருடம் ஆனது. அதுவரை யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் சாக்ஸைக் கழற்ற வெட்கம்.

இரண்டாவது அடிப்பக்கம். ஏரிச் சாலைக்கு மட்டும் என்றால் சாதாரண ரோடு ஷூ போதும். காட்டுப் பாதை, எஸ்டேட் பாதை போவீர்கள் என்றால் அடியில் நாலு ஐந்து மில்லிமீட்டர் பல் உள்ள டிரெயில் ஷூ தேவை. பைன் காட்டில் விழுந்து கிடக்கும் ஊசி இலை பஞ்சு மாதிரி தெரியும். நனைந்தால் எண்ணெய் தடவின தரைதான்.

மூன்றாவது "டிராப்" என்கிறார்களே, அது. குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஷூக்களில் 8 முதல் 12 மி.மீ. இருக்கும். ஜீரோ டிராப் என்றால் இரண்டும் ஒரே உயரம். டிராப் குறையக் குறைய வேலை முழங்காலிலிருந்து ஆடுசதைக்கும் குதிகால் நரம்புக்கும் (அக்கிலிஸ் தசைநாண்) போகிறது. எது நல்லது என்பதல்ல விஷயம். நேற்று வரை 10-ல் ஓடிவிட்டு இன்றைக்கு 0-வுக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

நாலாவது, போட்டு நாலடி ஓடிப் பார்க்கும்போது சுகமாக இருக்கிறதா. கால் சொல்வதைக் கேளுங்கள். அடிப்பக்கத்துக்குள் கார்பன் தகடு (பிளேட்) வைத்த ஷூவெல்லாம் நிமிடத்தை எண்ணுகிறவர்களுக்கு. குதிரைச் சாணத்தைத் தாண்டித் தாண்டி ஓடும் ஏரிச் சாலையில் அதற்கு வேலையில்லை.

பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை ஒரு ஷூ தாங்கும். மேலே கிழியாமல் இருந்தாலும் உள்ளே இருக்கும் நுரை செத்திருக்கும். காரணமில்லாமல் இரண்டு முழங்காலும் ஒரே வாரத்தில் வலிக்க ஆரம்பித்தால் முதலில் ஷூவைச் சந்தேகப்படுங்கள்.

மழைக்காலத்தில் ஷூ காயவே மாட்டேன் என்கிறதே?

அக்டோபர், நவம்பரில் இங்கே எதுவுமே காயாது. உள்ளே பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் ஒட்டுப்பசை விட்டுவிடும். இரண்டு ஜோடி இருந்தால் நிம்மதி. சோலைக்காட்டு ஓரம் போனால் அட்டை ஏறும். சாக்ஸுக்குள் கொஞ்சம் உப்பு, அல்லது டீக்கடை அண்ணன் தரும் புகையிலைத் தூள். பிடுங்கி எறியாதீர்கள், உப்பு பட்டால் தானே விழும்.

வெறுங்காலில் ஓடலாமா?

எங்கள் டீக்கடையில் சண்டை வரும் ஒரே கேள்வி இது. நானே வாரத்தில் இரண்டு நாள் வெறுங்காலில் ஓடுகிறவன். அதனால் நான் பரிந்துரைப்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள். என் பதில்: ஓடலாம், ஆனால் நீங்கள் நினைப்பதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் அதற்குள் போங்கள்.

முதலில் பெரியவர்கள் கதை. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்றார். வெறுங்கால் ரசிகர்கள் எல்லாரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். நாலு வருடம் கழித்து டோக்கியோவில் அதே பிகிலா ஷூ போட்டுக்கொண்டு 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடி தங்கம் வென்றார். அதனால் ஷூதான் உயர்ந்தது என்றும் சொல்ல முடியாது, வெறுங்கால்தான் உயர்ந்தது என்றும் சொல்ல முடியாது. பிகிலா இரண்டிலும் ஓடுவார், அவ்வளவுதான்.

அப்புறம் ஆராய்ச்சி. 2010-ல் ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு, சிறுவயதிலிருந்து வெறுங்காலில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் முன்பாதத்திலோ நடுப்பாதத்திலோ இறங்குகிறார்கள், அதனால் தரை மோதும் அந்த முதல் அடி மென்மையாகிறது என்று காட்டியது. உலகமெங்கும் ஆட்கள் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார்கள். 2013-ல் வடகென்யாவின் தாசனெச் மக்களைப் பார்த்தவர்கள், வெறுங்காலிலேயே வளர்ந்த அவர்களில் பெரும்பான்மையினர் மெதுவாக ஓடும்போது குதிகாலில்தான் இறங்குகிறார்கள் என்று சொன்னார்கள். ஆக, "இப்படித்தான் இறங்க வேண்டும்" என்று மனித குலத்துக்கே ஒரு விதி கிடையாது.

எனக்குக் கிடைத்த லாபம் இதுதான்: வெறுங்காலில் ஓடினால் தப்பாக ஓட முடியாது. காலை நீட்டிக் குதிகாலைத் தரையில் அறைந்தால் உடனே வலிக்கும். அதனால் அடி தானாகச் சின்னதாகிறது, வேகமாக விழுகிறது, சத்தம் குறைகிறது. அந்தப் பழக்கம் ஷூ போட்டு ஓடும் நாட்களிலும் தொடர்கிறது. எனக்கு இறக்கத்தில் வந்துகொண்டிருந்த முழங்கால் வலி நின்றதற்கு இதுதான் காரணம் என்று நம்புகிறேன். எங்களோடு ஓடும் தபால் ஆபீஸ் சார், "நீ எட்டுக் கிலோ இறங்கியிருக்கியே தம்பி, அது காரணமில்லையா?" என்று கேட்கிறார். அதுவும் நியாயமான கேள்விதான்.

நாம் காலங்காலமாக வெறுங்காலில் நடந்தவர்கள்தானே? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறோமே?

நானும் இரண்டு தடவை நடந்தவன். செட்டிநாட்டிலிருந்து காவடியோடு நாள் கணக்கில் நடந்து வருகிறவர்களைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். ஆனால் யாத்திரையில் கால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்திருப்பீர்கள்: கொப்புளம், பிளாஸ்டர், மஞ்சள் பத்து, நொண்டி நொண்டி மலையேறுவது. அது வேண்டுதல். வலியும் அந்தக் காணிக்கையில் சேர்த்தி. வாரம் நாலு நாள் ஓட வேண்டியவனுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. தவிர, நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கிறது. ஓடும்போது இரண்டும் காற்றில் இருந்து, உடம்பின் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் ஒற்றைப் பாதத்தில் வந்து இறங்குகிறது.

வட்டக்கானலிலிருந்து கும்பக்கரைக்கு இறங்கும் வழியில் வெள்ளகவி என்று ஒரு மலைக்கிராமம் இருக்கிறது. ஊருக்குள் செருப்புப் போடும் வழக்கம் இல்லை, சாமி நடமாடும் மண் என்று. நாம் போனாலும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே இருக்கும் பெரியவர்களின் பாதத்தைப் பாருங்கள். விரல்கள் விசிறி மாதிரி விரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தரையைப் பிடிக்கும். என் பாதத்தில் சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. நாற்பது வருடம் ஸ்கூல் ஷூவும் ஆபீஸ் ஷூவும் செய்த வேலை. அவர்கள் கால் ஒரு ஆயுளில் கற்றதை நான் ஒரு சீசனில் கற்க முடியாது.

சரி, ஆரம்பிப்பது எப்படி?

இரண்டு மூன்று வாரம் வீட்டிலும் வாசலிலும் செருப்பில்லாமல் நடங்கள். தரையில் துண்டை விரித்து விரலால் சுருட்டுங்கள். குழந்தைத்தனமாக இருக்கும், பலன் தெரியும். பிறகு வழக்கமான ஓட்டம் முடிந்ததும் ஷூவைக் கழற்றி, வழவழப்பான தார் ரோட்டில் 200 மீட்டர் மெதுவாக ஓடுங்கள். புல்லில் ஆரம்பிக்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். புல்லுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாது, மென்மையான தரை தப்பான அடியை மன்னித்தும் விடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒவ்வொரு வாரமும் 100 அல்லது 200 மீட்டர் கூட்டுங்கள். மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து இறங்கும்போது ஆடுசதை இறுகியிருந்தால் அன்று ஓடாதீர்கள்.

நான் இதைக் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள், கால் பறக்கிற மாதிரி இருந்தது, 3 கி.மீ. ஓடிவிட்டேன். மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. குதிகால் நரம்பு வீங்கி ஆறு வாரம் உட்கார்ந்தேன். அன்றைக்குக் காலில் வலி இல்லை என்பதுதான் பொறி. தோலும் சதையும் சீக்கிரம் பழகிவிடும், தசைநாணும் எலும்பும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். வெறுங்காலில் ஏரியை ஒரு முழுச் சுற்று வர எனக்குப் பதினோரு மாதம் ஆனது.

இடம் பார்த்து ஓடுங்கள். ஏரிச் சாலையில் சாணம் பரவாயில்லை, கழுவினால் போகும். ராத்திரி யாரோ உடைத்த பாட்டில்தான் ஆபத்து. அதனால் விடிந்த பிறகுதான் வெறுங்கால். மண் பாதையில் கொக்கிப்புழு பாதத்தின் வழியாகவே உடம்புக்குள் ஏறும், ஈர மண்ணைத் தவிருங்கள். டெட்டனஸ் ஊசி பத்து வருடத்துக்குள் போட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலைகளில் வேண்டாம். குளிரில் பாதம் மரத்துவிட்டால் கண்ணாடி ஏறினாலும் தெரியாது. உணர்வதற்காகத்தானே ஷூவைக் கழற்றினோம்?

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலில் ஓடவே வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். இதில் விவாதம் இல்லை.

நடுவழியாக ஏதாவது இல்லையா? விரல் வைத்த ஷூ, மெல்லிய செருப்பு?

இருக்கிறது. மெக்சிகோ மலைகளில் வாழும் ராராமுரி மக்கள் டயரை வெட்டிச் செய்த செருப்பில் நாள் முழுக்க ஓடுவார்கள். கேட்டதும் எனக்கு நம் ஊர் டயர் செருப்புதான் ஞாபகம் வந்தது. என் தாத்தா அதைப் போட்டுக்கொண்டுதான் வத்தலக்குண்டு சந்தைக்கு இறங்குவார். அதில் ஓடிப் பார்த்தேன். ஆணி குத்தி விரலிடுக்கில் புண். நல்லவேளை, கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலில் வீடு வந்தேன்.

விரல் விரலாகப் பிரித்த விப்ரம் ஃபைவ்ஃபிங்கர்ஸ் ஒரு காலத்தில் பெரிய மோகம். பாதத்தைப் பலப்படுத்தும், காயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2012-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2014-ல் அந்தக் கம்பெனி தப்பை ஒப்புக்கொள்ளாமலே 37.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. 2013-ல் வந்த ஓர் ஆய்வில், பழகிய ஓட்டக்காரர்கள் 19 பேரை பத்து வாரத்தில் அந்த ஷூவுக்கு மாற்றிப் பார்த்தார்கள். 10 பேருக்குப் பாத எலும்புக்குள் வீக்கம் தெரிந்தது. என் கருத்தில் வெறுங்காலைவிட இந்த மெல்லிய ஷூதான் ஆபத்து. தோல் எரியும்போது வெறுங்காலன் நின்றுவிடுவான். மெல்லிய ஷூக்காரனுக்குத் தோல் எரியாது, எலும்பு கத்தும் வரை ஓடிக்கொண்டே இருப்பான்.

முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பில் போடுங்கள், தப்பில்லை. ஆனால் சென்னை நண்பரின் வேகத்தோடு உங்கள் வேகத்தை வைத்துப் பார்க்காதீர்கள். மரமும் சரிவும் மறைக்கிற இடத்தில் ஜி.பி.எஸ். தூரத்தைத் தப்பாகக் காட்டும். (மூடுபனியால் அல்ல. எங்கள் குழுவில் ஒருவர் இன்னும் பனியைத்தான் குறை சொல்கிறார்.)

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, எவ்வளவு நேரம், எந்த இடத்தில் மூச்சு வாங்கியது, ராத்திரி தூக்கம், எங்கே வலி. கி.மீ. எழுதுவதில்லை. மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் "பார்க் வளைவில் மூச்சு" என்று இருந்தது "அப்சர்வேட்டரி கேட் கிட்ட மூச்சு" என்று மாறியிருக்கும். அதைவிடத் தெளிவான கிராஃப் எனக்குக் கிடைத்ததில்லை.

எங்கள் குழுவில் இருக்கும் டீச்சர் ஒருவர் ஜூனில் சேர்ந்தபோது நடந்தும் ஓடியும் ஏரியைச் சுற்ற 48 நிமிடம். டிசம்பரில் நிற்காமல் 36. தபால் ஆபீஸ் சாருக்கு 63 வயது, இரண்டு வருடமாக நேரம் மாறவே இல்லை. கேட்டால், "குறையலைன்னாலும் கூடவும் இல்லையே?" என்பார். அந்த வயதில் அதுவும் முன்னேற்றம்தான் என்று டீச்சர் சொல்கிறார். தூரத்தை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் பத்து சதவீதம் என்று ஓட்டக்காரர்கள் சொல்வது கல்லில் எழுதிய விதி இல்லை, ஆனால் எங்களுக்குப் போதுமான கடிவாளம்.

இறக்கத்தில் தொடை பிடித்துக்கொள்கிறது, ஏன்?

இறங்கும்போது தொடைச் சதை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. சதைக்கு அந்த வேலைதான் ரொம்பக் கடினம், வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். பின்னால் சாயாதீர்கள். சின்னச் சின்ன அடியாக, படபடவென்று. ஏற்றத்தை ஓடி இறக்கத்தை நடந்தே வந்தாலும் உங்களை யாரும் கேட்க மாட்டார்கள்.

குளிருக்கு என்ன போடுவது, என்ன சாப்பிடுவது?

வீட்டைவிட்டு வரும்போது லேசாகக் குளிர வேண்டும். குளிரே தெரியவில்லை என்றால் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள், பத்தாவது நிமிடம் ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவீர்கள். காதுக்குக் குல்லா, கைக்கு உறை, நிறுத்தியதும் மாற்ற ஒரு காய்ந்த பனியன். அரைத் தூக்கத்தில் வெறும் வயிற்றில் ஒரு சுற்று ஓடலாம். அதற்கு மேல் என்றால் ஒரு வாழைப்பழம். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் இந்தக் குளிர்காற்றில் மூச்சு வழியாகவே நிறையத் தண்ணீர் போகும். குடியுங்கள். சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மலையில் தடை இருக்கிறது, வீட்டு ஸ்டீல் பாட்டிலே போதும்.

பெண்கள் தனியாக ஓடலாமா?

ஏரிச் சாலையில் விடிந்த பிறகு எங்கள் டீச்சரும் இன்னும் இரண்டு அக்காக்களும் ஓடுகிறார்கள். டீச்சர் சொல்லச் சொன்னது: "முதல் மாசம் எல்லாரும் பார்ப்பாங்க. ரெண்டாம் மாசம் குட் மார்னிங் சொல்வாங்க. மூணாம் மாசம் ஒரு நாள் வரலைன்னா ஏன் வரலைன்னு கேப்பாங்க." ஆள் நடமாட்டமில்லாத காட்டுச் சாலைக்கு ஆணோ பெண்ணோ தனியாகப் போக வேண்டாம் என்பது எங்கள் பொது விதி.

எந்த வலிக்கு டாக்டரிடம் போக வேண்டும்?

இரண்டு காலிலும் பரவலாக இருக்கும் வலி பெரும்பாலும் உழைப்பின் வலி. ஒரே காலில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், எலும்பின் மேல், ராத்திரியிலும் வலித்தால் ஓடுவதை நிறுத்திவிட்டுப் போங்கள். மயிரிழை விரிசலாக இருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் என்றால் அந்த இடத்திலேயே உட்காருங்கள், யாரையாவது கூப்பிடுங்கள். நாற்பது தாண்டி முதல் தடவை ஓட ஆரம்பிக்கிறவர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவது நல்லது.

மலையில் ஓடிப் பழகினால் சென்னை மாரத்தானில் பறக்கலாமா?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஜனவரியில் சென்னை போய் ஓடினோம். மூச்சு அருமையாக இருந்தது, 12 கி.மீ. வரை சிரித்துக்கொண்டே போனோம். பிறகு வெயில் ஏறியது. இங்கே ஒரு வருடத்தில் வியர்க்காத அளவு அங்கே ஒரு மணி நேரத்தில் வியர்த்தது. வெக்கைக்கும் உடம்பு தனியாகப் பழக வேண்டும். அதற்குப் பத்து நாள், இரண்டு வாரம் அங்கே ஓட வேண்டும். எங்களுக்கு லீவு கிடைத்தது இரண்டு நாள்.

நாளைக்கு நானும் வரலாமா?

வாருங்கள். ஆறு மணிக்குப் படகுக் குழாம் எதிரே நிற்போம். ஐந்து நிமிடம்தான் காத்திருப்போம், குளிரும். சுற்றை முதலில் முடிக்கிறவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. கடைசி நூறு மீட்டரில் எல்லாரும் ஏன் நடக்க ஆரம்பிக்கிறோம் என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.